குடிமதிப்பேட்டில் நம்மவர்

நம் பாட்டனார் காலத்துத் தமிழில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பிற்குக் ‘கானேசுமாரி’ என்று பெயர். பாரசீகத்தில் ‘கானா’ என்பது வீடு. ‘சுமாரி’ என்பது எண்ணுதல். சர்க்கார் கச்சேரிகளின் வழியே தமிழுக்குள் புகுந்த இச்சொல் நாளடைவில் மறைந்து, ‘சென்சஸ்’ என்றும் குடிமதிப்பு என்றும் வழங்கலாயிற்று. ஆயினும் பழைய சொல்லே உள்ளதை உள்ளபடி உரைப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. முதலில் எண்ணப்படுவது ஆள் அன்று, வீடு. கதவு நிலையில் ஓர் இலக்கம் எழுதப்பெற்ற பின்னரே உள்ளிருக்கும் உயிர்களுக்குக் கணக்கில் இடமுண்டு.

2001 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தில்லியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 92 ஆயிரத்துச் சொச்சம். 2011 இல் அவர்கள் 82 ஆயிரத்துச் சொச்சம். அதே பத்தாண்டில் தில்லியின் மக்கள் தொகையோ 1.38 கோடியிலிருந்து 1.68 கோடியாகப் பெருகிற்று. இவ்வெண்களைச் சங்கத்துக் கூட்டங்களில் கூறும்போதெல்லாம், “பத்தாயிரம் பேர் எங்கே போயினர்?” என்று அன்பர்கள் வினவுவது வழக்கமாகிவிட்டது. விடை தேடுவதற்கு முன், இத்தகைய எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறிதல் நலம்.

சென்னை மாகாணத்தில் 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிகளை எண்ணும் வழக்கம் இருந்தது. கர்ணங்கள் எழுதிய கணக்கே கணக்கு. முறைப்படியான பெருங்கணக்கு 1871 இல் எடுக்கப்பெற்றது. அதன் அறிக்கையை எழுதியவர் மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ். மாகாணத்தின் மக்கள் 3 கோடியே 12 இலட்சம் என்றும், சென்னை நகரத்தார் 3,97,552 பேர் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. வீடு, தொழில், சாதி, எழுத்தறிவு ஆகிய யாவும் அதில் உண்டு. சாதிகளை வகைப்படுத்தப் புகுந்த அதிகாரிகள் பட்ட பாட்டை அதன் பக்கங்களிற் கண்டு இன்றும் நகைக்கலாம்.

ஆனால் அவ்வறிக்கையின் உண்மைப் பயன் ஆறாண்டு கழித்தே விளங்கிற்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்திற்கு ஈடான கூலி போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். அவ்வளவு உண்டு வேலை செய்து உயிர் தரிக்க இயலாது என்று எதிர்த்து நின்றவர், முன்னர் அம்மக்களை எண்ணிய அதே கார்னிஷ். எண்ணியவனுக்கு எண்ணப்பட்டோர் முகங்கள் நினைவிலிருந்தன போலும்!

பின்னர் 1881 பிப்ரவரி 17 ஆம் நாள் இந்தியா முழுவதும் ஒரே வேளையில் முதற் கணக்கு நடந்தது. சேலம் மாவட்டத்தில் பத்தாண்டுக்கு முன் 19 இலட்சத்து 66 ஆயிரம் பேர் இருந்தனர். இப்போது இருந்தவர் 16 இலட்சத்திற்கும் குறைவு. இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய தொகை வேறு. பஞ்சத்தில் மாண்டவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை. இரண்டு அட்டவணைகளை அடுத்தடுத்து வைத்து ஒன்றை மற்றொன்றிற் கழித்தாலன்றி அவர்கள் புலப்படார். கழித்து வரும் தொகையிலும் செத்தவர் எத்தனை பேர், இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர் எத்தனை பேர் என்பது தனித்தனியே தெரியாது. நம் தில்லிப் பத்தாயிரத்துக்கும் இதே இக்கட்டு உண்டு என்பதை நினைவிற் கொள்க.

1881 முதல் 1931 வரை கணக்கெடுப்பு ஒரே இரவில் முடிக்கப்பெற்றது. ஊரெங்கும் முன்பே இலக்கமிட்டு வரைவு எழுதிவைத்து, குறித்த இரவில் எண்ணுவோர் விளக்கோடு வீடு வீடாகச் சென்று சரிபார்ப்பர். நிலவொளி வேண்டியும், பெருந்திருவிழாக்கள் குறுக்கிடாதவாறும் அவ்விரவைத் தேர்ந்தனர். புகைவண்டியிற் செல்வோரையும் சத்திரத்திற் படுத்திருப்போரையும் கூட விடவில்லை. 1941 முதல் இம்முறை கைவிடப்பட்டது. 1951 இல் பிப்ரவரி 9 தொடங்கி மாத இறுதி வரை எண்ணி, மார்ச்சு 1 ஆம் நாள் கதிரவன் உதயத்தைக் கணக்கின் எல்லையாகக் கொண்டனர்.

வெளிநாட்டிலும் வேற்று மாகாணத்திலும் வாழும் நம்மவரைத் தேடும் ஆராய்ச்சியாளர்க்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று பிறந்த இடம், மற்றொன்று மொழி. இரண்டும் ஒன்றெனக் கொண்டு தவறினோர் பலர். 1931 வரை பர்மாவும் இந்தியக் கணக்கில் அடங்கியிருந்தது. அவ்வாண்டில் அங்கிருந்த இந்தியர் 10 இலட்சத்திற்கு மேற்பட்டவர். இரங்கூன் நகரில் சரிபாதிக்கு மேல் இந்தியரே. அவருள் சென்னை மாகாணத்தில் பிறந்தவர் என்று எழுதப்பெற்றோரில் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. மொழி அட்டவணையைப் பார்த்தாலன்றிப் பிரிக்க வழியில்லை. மறுபுறம், கரோல்பாக்கில் பிறந்த தமிழ்க் குழந்தை பிறந்த இட அட்டவணையில் தில்லிக்காரனாகவே நிற்கும். மொழி அட்டவணை ஒன்றே அதனை நம்மவன் எனக் காட்டும்.

அம்மொழி வினாவோ காலந்தோறும் உருமாறி வந்துள்ளது. 1881 இல் தாய்மொழி என்று கேட்டனர். 1891 இல் பெற்றோர் மொழி. 1901 இல் வழக்கமாகப் பேசும் மொழி. 1931 முதல் மீண்டும் தாய்மொழி. 1961 இல், குழந்தைப் பருவத்தில் தாய் ஒருவரிடம் பேசிய மொழியே அவர் தாய்மொழி என்று வரையறுத்து, தாய் இளமையிலேயே இறந்திருப்பின் அக்காலத்தில் வீட்டில் வழங்கிய மொழியைக் கொள்க என்றனர். அவ்வரையறை தெளிவானது. வெளியூர்த் தமிழன் அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் இந்தியும் பேசுவதை அது பொருட்படுத்தவில்லை. தாலாட்டு எம்மொழியில் நிகழ்ந்தது என்று மட்டுமே வினவுகின்றது. ஒரே குடும்பத்தார்க்கும் தாய்மொழி வேறுபடலாமாகையால், ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டெழுத வேண்டும் என்பதும் விதி.

விதி அவ்வாறிருக்க, நடப்பது வேறு. 2011 பிப்ரவரியில் நம் அண்டை வீட்டிற்கு எண்ண வந்தவர் ஓர் ஆசிரியர். களைத்திருந்தார். கதவைத் திறந்த பள்ளிச் சிறுவனிடம் மொழி என்ன என்று கேட்டார். அவன் தயங்காமல் “இந்தி” என்றான். அடுக்களையிலிருந்த பாட்டியார், “அடே, என்னடா சொன்னாய்?” என்று கரண்டியுடன் வெளிப்பட்டார். எழுதியது அடிக்கப்பெற்று, மேலே வேறு எழுதப்பெற்றது. அன்று அவர் கோயிலுக்குப் போயிருந்தால் அவ்வீட்டில் ஒருவர் குறைந்திருப்பார். நால்வரும் குறைந்திருக்கவும் கூடும்.

விடுதலைக்குப் பின் முதற் கணக்கை நடத்தியவர் சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரியான ஆர். ஏ. கோபாலசுவாமி. நாட்டின் மக்கள் 36.1 கோடி என்று கண்ட 1951 ஆம் ஆண்டுக் கணக்கு அது. மாவட்டந்தோறும் ஊர்வாரியான கையேடுகள் வெளிவரத் தொடங்கியதும் அப்போதே. 1961 இல் அசோக் மித்ரா பொறுப்பேற்றபின் குடிமதிப்புத் துறை ஒரு பெரும் நூல்நிலையமாகவே வளர்ந்தது. தெரிந்தெடுத்த சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று நிலம், கடன், உணவு, திருமணம், வழிபாடு யாவும் கேட்டெழுதித் தனித்தனி நூல்களாக வெளியிட்டனர். சென்னை மாநிலத்தில் பி. கே. நம்பியார் மேற்பார்வையில் கோயில்களைப் பற்றி மாவட்டவாரியான தொகுதிகளும், பத்தமடைப் பாயைப் பற்றி ஒரு நூலும், சென்னை நகரத்துச் சேரிகளைப் பற்றி ஒரு நூலும் வெளிவந்தன. குடிமதிப்பென்றால் வெறும் எண்கள் என்று எண்ணியிருப்போர் இவற்றுள் ஒன்றையேனும் நூலகத்தில் எடுத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டில் பதிவான தாய்மொழிப் பெயர்கள் 1,652.

தொகுத்து வகுத்த அட்டவணைகள் இன்று எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்கன. பெயர் நீக்கிய மாதிரிப் பதிவுகளையும் சில பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர் பயன்படுத்தலாம். மூலப் பதிவோ எவர்க்கும் காட்டப்படாது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு அதனை நீதிமன்றச் சான்றாகவும் ஏற்பதில்லை. அமெரிக்காவில் 72 ஆண்டுகளுக்குப் பின்னும் பிரிட்டனில் 100 ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய ஏடுகள் திறக்கப்படுகின்றன. இங்கே அவ்வாறு கால எல்லை வகுக்கப்படவில்லை. ஆகவே 1931 இல் தம் பாட்டனார் எவ்வீட்டில் எண்ணப்பட்டார் என்று தேடுவோர்க்கு நாம் ஏமாற்றத்தையே தர இயலும். சாதிவாரி அட்டவணைகள் முழுமையாக வெளிவந்ததும் 1931 ஆம் ஆண்டோடு நின்றது. அரை நூற்றாண்டு கழித்து மண்டல் குழுவும் அப்பழைய எண்களையே நாட வேண்டியிருந்தது.

மொழி எண்ணுக்குப் பயன் என்ன என்று கேட்கலாம். பள்ளியில் 40 மாணவரோ வகுப்பில் 10 மாணவரோ இருப்பின் தாய்மொழியிற் கற்பிக்க வகை செய்ய வேண்டும் என்பது 1949 இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் ஒப்பிய அளவு. 1956 இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-ஏ பிரிவு அக்கடமையை மாநிலங்கள்மேல் வைத்தது. எங்கே எத்தனை பேர் என்று அறியாமல் எங்கே ஆசிரியரை அமர்த்துவது?

2011 இல் தமிழ் பேசுவோர் 6.90 கோடி. கைக்காடி, கொரவ, எருகல மொழியினரும் இத்தொகையிற் சேர்ந்துள்ளனர் என்பதை ஆய்வாளர் மறவாதிருக்க. இவர்களுள் தமிழ்நாட்டில் வாழ்வோர் 6.37 கோடி. ஏனையோர் 52 இலட்சத்திற்கு மேல். கருநாடகத்தில் மட்டும் 21 இலட்சம். அவர்களிடையே நம் 82 ஆயிரம் சிறு துளியே.

அப்பத்தாயிரத்திற்கு வருவோம். நொய்டா, குர்காவ், பரீதாபாத் என எல்லை தாண்டிக் குடிபெயர்ந்தோர் பலர். அவர் உத்தரப் பிரதேசத்திலும் அரியானாவிலும் எண்ணப்பட்டிருப்பர். ஓய்வு பெற்று ஊர் திரும்பினோர் உண்டு. பாட்டியார் வீட்டில் இல்லாத நேரத்தில் ‘இந்தி’ என எழுதப்பெற்ற பிள்ளைகளும் உண்டென்றே நாம் ஐயுறுகின்றோம். எது எத்தனை என்று அட்டவணை பிரித்துக் காட்டாது. சேலத்துக் கணக்கும் காட்டவில்லை.

2021 இல் நடந்திருக்க வேண்டிய கணக்கு நடைபெறவில்லை. அடுத்தது 2027 மார்ச்சு 1 ஆம் நாளை எல்லையாகக் கொண்டு, சாதி வினாவுடன் நடைபெறும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பெற்றது. அதே ஜூன் முதல் நாள், ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகால் கரையில் தமிழர் வாழ்ந்த மதராசி முகாம் நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பெற்றது. குடிமதிப்பு அன்று, தகுதி காணும் வேறொரு கணக்கு அங்கே எடுக்கப்பட்டிருந்தது. 370 குடும்பங்களுள் 189 குடும்பங்களே தகுதியுடையன எனக் கண்டு, அவர்க்கு மாநகரின் வடகோடியான நரேலாவில் வீடு ஒதுக்கினர். அவர்கள் நரேலாக் கதவுகளில் எண்ணப்படுவர். மற்றையோர் எந்த இலக்கத்தின்கீழ், எவ்வூரில் இருக்கின்றனர் என்பதை நம் சங்கத்து இளைஞர் சிலர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேட்டெழுதி வருகின்றனர். பாதிக்கு மேல் இன்னும் எழுதவில்லை.