ஹார்மோன் ஏற்பி மரபணு மாறுபாடுகளும் சினைப்பை நீர்க்கட்டி நோயும்

சினைப்பை நீர்க்கட்டி நோயின் நவீன வரலாறு, சிகாகோ மருத்துவர்களான இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவெந்தால் ஆகியோர் ஏழு பெண்களை ஆராய்ந்து 1935இல் வெளியிட்ட கட்டுரையோடு தொடங்குகிறது. பருத்த சினைப்பையில் ஒரு பகுதியை வெட்டி நீக்கியபின் அப்பெண்களுக்கு மாதவிடாய் திரும்பியதால், நோயின் வேர் சினைப்பையில்தான் உள்ளது என்ற கருத்து நெடுங்காலம் நிலைத்தது. தாய், மகள், சகோதரியரிடையே நோய் தொடர்வதை 1960களின் ஆய்வுகள் காட்டிய பின்னரே மரபணுக்களின்மேல் கவனம் திரும்பியது. நெதர்லாந்தின் இரட்டையர் ஆய்வொன்று 2006இல் நோய் வாய்ப்பில் மரபின் பங்கை ஏறத்தாழ 70 விழுக்காடு என மதிப்பிட்டது.

ஹார்மோனைப் பற்றிக்கொண்டு அதன் செய்தியை உயிரணுவுக்குள் கடத்தும் புரதமே ஏற்பி ஆகும். நோயுற்ற பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பது 1980இல் அறியப்பட்டதாலும், இன்சுலின் ஏற்பி மரபணுவின் அரிய பிறழ்வுகள் கடுமையான இன்சுலின் எதிர்ப்போடு ஆண்ட்ரோஜன் மிகுதியையும் உண்டாக்குவது பின்னர் தெரியவந்ததாலும், அந்த ஏற்பியே முதல் ஐயத்துக்கு உள்ளானது. ஆயினும் இந்நோயுள்ள பெரும்பாலான பெண்களிடம் அத்தகைய பிறழ்வுகள் காணப்படவில்லை. எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணுவில் சி-ஏ-ஜி என்னும் மூன்றெழுத்துத் தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதை ஆராய்ந்தோரும் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளையே பெற்றனர். சில நூறு பேரை மட்டும் கொண்டு, முன்பே ஊகித்த ஒரு மரபணுவைச் சோதித்த முறையே இக்குழப்பத்துக்குப் பெரிதும் காரணம் எனலாம்.

மரபணுத்தொகுதி முழுவதையும் ஊகமின்றி அலசும் முறை வந்தபோது திருப்பம் நேர்ந்தது. சீனாவின் ஹான் இனப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, லூட்டினாக்க ஹார்மோனின் ஏற்பி மரபணு அமைந்த 2ஆம் குரோமோசோம் பகுதியைச் சுட்டியது. அடுத்த ஆண்டில் அதற்கு அண்மையிலுள்ள, கருமுட்டைப் பையைத் தூண்டும் ஹார்மோனின் ஏற்பி மரபணுவும், இன்சுலின் ஏற்பி மரபணுவும் பட்டியலில் சேர்ந்தன. தூண்டும் ஹார்மோனின் ஏற்பியில் 680ஆம் இடத்தில் அஸ்பரஜின் அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் செரின் அமைந்தால், ஹார்மோனுக்கு அதன் உணர்திறன் சற்றுக் குறைகிறது. அதனால் அவ்வமைப்புடைய பெண்களுக்குச் செயற்கைக் கருத்தரிப்பின்போது கூடுதல் மருந்து தேவைப்படுவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களிடம் 2015இல் நடந்த ஆய்வுகளில் ஏற்பியைவிட, அத்தூண்டும் ஹார்மோனின் பீட்டா அலகை உருவாக்கும் மரபணுப் பகுதியே முன்னின்றது. ஆகவே சினைப்பையோடு நின்ற விளக்கம், அந்த ஹார்மோனைச் சுரந்து சினைப்பையை ஆளும் பிட்யூட்டரி சுரப்பிவரை விரிந்தது.

இப்பொதுவான மாறுபாடுகள் அனைத்தும் சேர்ந்தும் மரபுவழிப் பங்கில் சிறு பகுதியையே விளக்குவதால், ஒரு பெண்ணுக்கு நோய் வருமா என்பதை அவற்றைக்கொண்டு கணிக்க இயலாது. எஞ்சிய பங்கைத் தேடியோர் ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன் மரபணுவிலும், பின்னர் அதன் ஏற்பி மரபணுவிலும், செய்தி கடத்தலைத் தளர்த்தும் அரிய மாறுபாடுகளைச் சில நோயாளிகளிடம் கண்டறிந்துள்ளனர்.