தவளம் போன பாதையில் கண்டிக்கு



விடுமுறையில் குடும்பத்தோடு கண்டிக்குப் போய் வந்தோம். சுபஹு தொழுததும் இறக்காமத்தில் வேன் ஏறி, அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை என்று போனோம். அதற்குப் பிறகு மலை. பதினெட்டு வளைவில் ஏறும்போது பிள்ளைகள் கீழே தெரிந்த பள்ளத்தாக்கைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள்.

நாங்கள் அவர்களுக்குச் சொன்னது இதுதான்: இந்தப் பக்கத்து மலைகளில் நம்மவர்கள் மாட்டோடு நடந்து ஏறியிருக்கிறார்கள்.

கண்டி இராச்சியத்தில் உப்பு விளையாது. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே போக வேண்டும். பாக்கு கீழே வர வேண்டும். பொதி மாட்டுக் கூட்டத்தைத் தவளம் என்பார்கள். இதற்காக அரசனிடம் 'மடிகே' என்று ஒரு தனிப் பிரிவே இருந்தது. அதில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தார்கள். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில் லாமாக்கள் உப்புச் சுமந்ததைப் போல, இங்கே மாடுகள் சுமந்தன.

இன்னொரு செய்தி. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். சுமார் 4000 பேர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றப்பட்டதாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேரோஸ் எழுதியிருக்கிறார். அன்றைய மட்டக்களப்பு என்பது நமது ஊர்களையும் சேர்த்துத்தான். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்.

மஹியங்கனைப் பக்கம், பங்கரகம்மனையில் ஒரு கதை வழங்குகிறது. போர்த்துக்கேயருக்குத் தப்பி வந்த மன்னனை ஒரு முஸ்லிம் பெண் மரப்பொந்தில் ஒளித்து வைத்தாள். காட்டிக்கொடுக்க மறுத்ததால் வெட்டுண்டு இறந்தாள். 'என்னைக் காத்த இரத்தம்' என்று மன்னன் சொன்ன சிங்கள வார்த்தையே 'மரக்கல' ஆனதாம். அந்தச் சொல் நமது 'மரக்கலம்'தான் என்பது ஆசிரியர்களான எங்கள் எண்ணம். ஆனால் இப்படியொரு கதையைச் சிங்கள மக்களும் சொல்லி வருகிறார்களே, அதுவே பெரிய சாட்சி.

மலை இறங்கினால் தெல்தெனிய. பழைய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது. 1985இல் திறந்த அணை, 122 மீற்றர் உயரம். அடுத்தது திகன. அங்கே வேனில் பேச்சு நின்றுபோனது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மார்ச் 5இல் திகனயில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நாங்கள் புறப்பட்ட பாதையின் ஒரு முனை அது, மறுமுனை இது.

"மன்னன் இடம் தந்த ஊரிலா வாப்பா இப்படி?" என்று மகள் கேட்டாள். உடனே பதில் வரவில்லை.

கண்டி மீரா மகாம் பள்ளிவாசலில் லுஹர் தொழுத பிறகு சொன்னோம்: வதந்தி பரவ ஒரு வாரம் போதும், மகள். உறவு வளர நூற்றாண்டுகள் ஆகும். எரிந்ததையும் மறக்கக் கூடாது. அடைக்கலம் தந்ததையும் மறக்கக் கூடாது. இரண்டும் நமது வரலாறுதான்.

பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப் போகிறவர்கள் வாவியையும் பூங்காவையும் மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். போகும் வழியில் இந்தக் கதைகளையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் தவளம் பற்றிய செய்திகள் இருந்தால் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.