கை பிசையும் சிறுமியர்

1954ஆம் ஆண்டில் ஒருநாள், வியன்னா நகரில் ஆந்திரேயாஸ் ரெட் என்னும் குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறையில் இரு தாய்மார் தத்தம் பெண்மக்களை மடியில் இருத்தி அமர்ந்திருந்தனர். பிடித்திருந்த கைகளை அத்தாய்மார் விட்டதும், சிறுமியர் இருவரும் ஒரே விதமாகக் கைகளைப் பிசையத் தொடங்கினர். சோப்புப் போட்டுக் கழுவுவது போன்ற ஓயாத பிசைவு அது. இதைக் கண்ணுற்ற மருத்துவர் வியப்புற்றார். தம் பழைய ஏடுகளைப் புரட்டினார். இத்தகைய சிறுமியர் வேறு சிலரும் இருப்பதைக் கண்டார். 1966இல் ஜெர்மன் மொழியில் கட்டுரையும் வெளியிட்டார். ஆனால் அம்மொழி அறியாத மருத்துவ உலகம் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1983இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெங்ட் ஹாக்பெரி முதலானோர் 35 சிறுமியரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே அந்நோய்க்கு உலகில் ஒரு பெயர் கிடைத்தது.

வியன்னாவில் அந்த இரு சிறுமியர் மருத்துவர் கண்ணில் பட்ட அதே 1954இல், லெபனான் தலைநகர் பெய்ரூத்தில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஹுதா என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் டாக்டர் ஹுதா ஸுக்பி என அறிவுலகம் அறிந்த அம்மையார் இவர்தாம். ரெட் நோயின் மூலத்தைக் கண்டறிந்தவரும் இவரே. எனினும் அவர் இதற்கென்று புறப்பட்டவர் அல்லர். இளமையில் அவர் நாடியது இலக்கியத்தை. ஷேக்ஸ்பியரும் வேர்ட்ஸ்வர்த்தும் ஜேன் ஆஸ்டினும் அவருடைய உள்ளங் கவர்ந்தவர்கள். இலக்கியமே பயில்வேன் என்றிருந்த மகளைத் தடுத்தவர் தாயார். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் காலில் நிற்கத்தக்க தொழிலைக் கற்க வேண்டும், எழுதுவதை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது அத்தாயின் எண்ணம். பெற்றோர் சொல்லித் தொழிலைத் தேர்ந்து நொந்தவர்கள் எத்தனையோ பேர் உளர். ஹுதாவின் வாழ்வில் அச்சொல் நன்மையாகவே முடிந்தது.

1975இல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக் கழகத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அவ்வாண்டுதான் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குண்டுகள் விழுந்தமையால், மாணவர்கள் வளாகத்திலேயே தங்கி முதலாண்டுப் பாடத்தை முடித்தனர். வெடிகுண்டுச் சிதறல் பட்டு இளவல் காயமுற்றதும் பெற்றோர் மனம் கலங்கினர். பிள்ளைகளை அமெரிக்காவின் டெக்ஸாஸில் இருந்த சகோதரியிடம் அனுப்பிவைத்தனர். கோடை கழிந்ததும் திரும்பிவிடலாம் என்பதே திட்டம். போர் ஓயவில்லை; திரும்பும் வழியும் அடைபட்டது. ஆண்டு தொடங்கிய பின் வந்த அயல்நாட்டு மாணவிக்கு இடங்கொடுப்போர் அரியர். நாஷ்வில் நகரில், கறுப்பின மாணவர்களுக்கென்று 1876இல் தோன்றிய மெஹாரி மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. 1979இல் அங்கே பட்டம் பெற்றார். பெய்ரூத்தில் உடன் பயின்ற வில்லியம் ஸுக்பி என்பவரே அவருடைய கணவர். அவர் இதய மருத்துவர் ஆனார்.

ஹூஸ்டன் நகரத்து பேய்லர் மருத்துவக் கல்லூரியில் அம்மையார் குழந்தை நரம்பியல் பயிலுங் காலத்தில், 1983இல், ஒரு சிறுமி சிகிச்சைக்கு வந்தாள். நன்றாகப் பிறந்து, நன்றாக வளர்ந்து, பேசவும் தொடங்கிய குழந்தை. பின்னர்ச் சொற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கைகள் பொருளைப் பற்ற மறந்து பிசையத் தொடங்கின. ஹாக்பெரியின் கட்டுரை வெளிவந்து சில நாட்களே ஆகியிருந்தன. அதனைப் படித்திருந்தவர்களுக்கு நோய் விளங்கிவிட்டது. ஒரு வாரத்தில் வேறொரு சிறுமியும் அதே பிசைவோடு வந்தாள். அவளுக்கு மூளை வாதம் என்று முன்னரே எழுதி வைத்திருந்தனர். ஆந்திரேயாஸ் ரெட் செய்தது போலவே இவரும் பழைய ஏடுகளைத் தேடினார். தவறான பெயர்களுக்குள் அதே நோய் ஒளிந்திருந்தது.

மருந்தொன்றும் இல்லாத நோயாளியை மாதந்தோறும் பார்த்து அனுப்புவது அம்மையாரால் தாங்கக்கூடியதாய் இல்லை. ஆகவே ஆராய்ச்சிக்குப் போனார். அவருக்கு மரபணுவியல் கற்பித்த ஆர்தர் போடே, ரெட் நோயைத் தொடாதீர் என்று அறிவுரை கூறினார். தலைமுறைதோறும் வரும் நோயாயின் குடும்ப வழியில் குரோமோசோம்களைத் தொடர்ந்து சென்று மரபணுவைப் பிடிக்கலாம். ரெட் நோயோ ஒரு வீட்டில் ஒரே சிறுமிக்கு வருவது. எதைப் பற்றிக்கொண்டு தேடுவது? ஆசிரியர் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மையார் அவர் சொல்லைக் கேட்டு வேறொரு நோயை எடுத்துக்கொண்டார். ரெட் நோயையும் கைவிடவில்லை.

அந்த வேறொரு நோய், டெக்ஸாஸின் ஒரு பெரிய குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாய் வந்த தள்ளாட்ட நோய். நடுவயதில் நடை தள்ளாடும், நா குழறும், விழுங்குவதும் கடினமாகும். பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்நோய் நமக்குத் தொலைவானதன்று. தமிழ்நாட்டிலும் இதனால் வருந்தும் குடும்பங்கள் உள்ளன. மின்னஸோட்டாவின் ஹாரி ஓர் என்பவரும் இதனையே ஆராய்ந்து வந்தார். போட்டியிட வேண்டிய இருவரும் கூட்டாளிகளாயினர். 1993 ஏப்ரல் 8ஆம் நாள் இருவர் ஆய்வுக்கூடங்களிலும் ஒரே நாளில் அம்மரபணு அகப்பட்டது. சி.ஏ.ஜி. என்னும் மூன்றெழுத்துத் தொடர், நலமுள்ளோரிடம் முப்பது முறை போல வருவது, நோயுற்றோரிடம் நாற்பதைக் கடந்து நீண்டிருந்தது. அதனால் அட்டாக்ஸின்-1 என்னும் புரதம் சரியாக மடியாமல், நரம்பணு அதனை அகற்ற இயலாமல், உள்ளே தேங்கி நஞ்சாகிறது. பின்னர் 2000இல் ஈக்களில் நடத்திய சோதனையில், குறையற்ற அட்டாக்ஸின்-1கூட அளவுக்கு மிஞ்சினால் நரம்பைக் கெடுக்கும் என்று தெரிந்தது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

இதற்கிடையே காதின் கேட்கும் மயிரணுக்களும் சிறுமூளையின் நுண்ணணுக்களும் உருவாவதற்குத் தேவையான ஒரு மரபணுவையும் அவருடைய கூடம் கண்டது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

ரெட் நோய்த் தேடலுக்கு உதவியவை, இரு பெண்மக்களுக்கு அந்நோய் வந்த மிகச் சில குடும்பங்கள். அவற்றின் துணையால் இடம் எக்ஸ் குரோமோசோமின் ஒரு நுனி என்று சுருங்கியது. அங்கிருந்த மரபணுக்களை ஒன்றொன்றாகச் சோதித்துத் தள்ளிக்கொண்டே வந்தனர். 1999இல், முதற்சிறுமியைக் கண்டு பதினாறாண்டுகள் கழிந்த பின், அம்மையாரின் கூடத்தில் ஆய்ந்த ரூத்தி அமீர் என்னும் பெண்மணி, மெக்-பி-2 என்ற புரதத்திற்குரிய மரபணுவில் பிழையைக் கண்டார். ஸ்டான்ஃபோர்டின் உத்தா ஃப்ராங்கெயும் அப்பணியில் பங்கு கொண்டவர். அப்புரதத்தை 1992இலேயே பிரிட்டனின் ஏட்ரியன் பர்ட் கண்டறிந்திருந்தார்; அது நோயோடு தொடர்புடையது என்று அப்போது எவரும் எண்ணவில்லை. மரபணுக்களின்மேல் அமர்ந்து, எது எவ்வளவு இயங்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் புரதம் அது.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வோர் அணுவும் அவற்றுள் ஒன்றையே பயன்படுத்துவதால், ஏறத்தாழப் பாதி அணுக்களில் நல்ல புரதம் இருக்கும், குழந்தை பிழைத்திருக்கும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அவனிடம் இப்பிழை நேர்ந்தால் பெரும்பாலும் சிசுவாகவே இறந்துபடுவான். சிறுமியரை மட்டுமே மருத்துவர்கள் கண்டதன் காரணம் இதுவே.

நம் வீடுகளில் பேசப்பட வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. நன்றாயிருந்த குழந்தை பின்னோக்கிப் போனால் முதலில் குற்றவாளியாவது தாய்தான். கர்ப்பத்தில் எதைத் தின்றாள், எங்கே போனாள், யாருடைய கண் பட்டது என்று மாமியார் வீட்டார் கேட்பார்கள். உறவில் மணம் முடித்ததால் வந்தது என்பாரும் உளர். உறவுத் திருமணத்தால் மிகும் நோய்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ரெட் நோய் அவ்வகையைச் சேர்ந்ததன்று. பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது மரபெழுத்துகளைப் படியெடுப்பதில் புதிதாய் நேரும் பிழை அது. அந்தத் தந்தையும் அதற்குப் பொறுப்பாளி அல்லர். அடுத்த பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஏறக்குறையப் பத்தாயிரம் பெண்குழந்தைகளுள் ஒன்றுக்கு இது நேர்கிறது. அத்தனை தாய்மாரும் ஆண்டுக்கணக்கில் தம்மையே நொந்துகொண்டிருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

மரபணு அகப்பட்டதும் மருந்தும் அகப்படும் என்று எண்ணுவது இயல்பு. புரதம் குறைந்ததால் நோய். ஆகவே புரதத்தைக் கொடு என்பது எளிய கணக்கு. 2004இல் அம்மையாரின் கூடம் எலிகளுக்கு அப்புரதத்தை இரு மடங்காக்கிப் பார்த்தது. அவை சில காலம் நன்றாயிருந்து பின்னர் நரம்பு நோயுற்றன. மறு ஆண்டே, அம்மரபணு இரட்டித்ததால் நோயுற்ற சிறுவர்களைப் பெல்ஜியத்து மருத்துவர்கள் அறிவித்தனர். குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு. அட்டாக்ஸின் ஈக்களில் சொன்னதையே மெக்-பி-2 எலிகளிலும் மனிதரிலும் சொல்லியது.

நம்பிக்கைக்கும் இடமிருந்தது. 2007இல் ஏட்ரியன் பர்டின் கூடம், நோயுற்று வளர்ந்த எலிகளில் அம்மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தபோது அவை தேறின. மூளையணுக்கள் இறந்துபடவில்லை, குன்றி நின்றன என்று இதனால் விளங்கிற்று. 2015இல் அம்மையாரின் கூடம், புரதம் மிகுந்த எலிகளுக்கு அதன் உற்பத்தியை அடக்கும் மருந்து செலுத்தி நோயைத் திருப்பியது. பர்டும் அம்மையாரும் 2016இல் ஷா பரிசையும் 2020இல் மூளைப் பரிசையும் பகிர்ந்துகொண்டனர். ஹாரி ஓரோடும் வேறிருவரோடும் 2022இல் காவ்லி பரிசு வந்தது.

ரெட் நோய்க்கென்று அமெரிக்க அரசு ஒப்புதல் பெற்ற முதல் மருந்து ட்ரொஃபினெடைட். 2023 மார்ச்சில் வந்தது. அது வேதனையைச் சற்றுக் குறைப்பது, பிழையைத் திருத்துவதன்று. அவ்வாண்டிலேயே நல்ல மரபணுவை உடலுக்குள் செலுத்தும் சோதனைகளும் நோயாளிகளிடம் தொடங்கின. ஆனால் அச்சிறுமியின் மூளையில் பாதி அணுக்கள் தமக்கு வேண்டிய புரதத்தைத் தாமே செய்துகொள்கின்றன. செலுத்தப்படும் மரபணு அவற்றுள்ளும் புகும். புகுந்த இடத்தில் அது மிகாமலும், இல்லாத இடத்தில் குறையாமலும் இருக்கும்படி அதனை எவ்வாறு அமைப்பது என்பதே இன்று அவர்கள்முன் நிற்கும் கணக்கு.