ஒளியின் நிறத்தை மாற்றும் பளிங்குகள்: அரைச்சேதனப் பளிங்குகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞான வரலாறு வெற்றிகளின் நிரல் மாத்திரமன்று. கண்முன்னே இருந்ததைக் காணத் தவறியமையும், இல்லாததை இருப்பதாகக் கொண்டமையும் அவ்வரலாற்றின் பகுதிகளேயாம். இவ்விரண்டுக்கும் ஒருங்கே சான்று தருவது, ஒளியின் நிறத்தை மாற்றவல்ல பளிங்குகளின் வரலாறாகும். அவற்றுள்ளும் சேதனப் பொருளும் அசேதனப் பொருளும் இணைந்து உருவாகும் அரைச்சேதனப் பளிங்குகளைச் சிறப்பாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1960இல் மெய்மன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். மறு ஆண்டிலே மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பிராங்கனும் அவர்தம் குழுவினரும் கெம்பு லேசரின் 694.3 நனோமீற்றர் அலைநீளமுடைய செவ்வொளியைக் குவாட்சுப் பளிங்கினூடாகச் செலுத்தினர். வெளிவந்த ஒளியிலே அதன் சரிபாதி அலைநீளமுடைய ஊதாக்கடந்த ஒளியும் மிகச் சிறிதளவு கலந்திருந்தது. சாதாரண ஒளியின் கீழ்ப் பளிங்கின் இலத்திரன்கள் மின்புலத்துக்கு நேர்விகிதசமமாக அசைகின்றன. வலிமைமிக்க லேசர் ஒளியின் கீழ் அவ்விகிதசமம் குலைகின்றது. இருமடங்கு மீடிறனுடைய ஒளி பிறக்கின்றது. விகிதசமம் குலைந்தவிடத்து வரைபு நேர்கோடாக அமையாதாகலின், இத்துறை நேர்கோடல்லா ஒளியியல் எனப்பட்டது. சமச்சீர் மையம் அற்ற பளிங்குகளே இவ்வாறு மீடிறனை இரட்டிக்க வல்லன.

அவ்வாய்வுக் கட்டுரை அச்சேறியபோது நிகழ்ந்தது வியப்புக்குரியது. புதிய ஒளியின் சான்றாக ஒளிப்படத் தட்டிற் பதிந்திருந்த சிறு புள்ளியை, அழுக்கெனக் கருதிப் பதிப்புப் பணியாளர் நீக்கிவிட்டனர். ஆய்வின் ஆதாரமே இன்றி அப்படம் வெளிவந்தது.

குவாட்சினுள் இரு நிற ஒளிகளும் வெவ்வேறு வேகத்திற் சென்றமையால், ஓரிடத்துப் பிறந்த புதிய ஒளியை மற்றோரிடத்துப் பிறந்தது அழித்தது. 1962இல் இரு குழுவினர் தனித்தனியே இதற்குத் தீர்வு கண்டனர். பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்றுப் பளிங்கிலே தக்க கோணத்திற் செலுத்தின், இரு ஒளிகளும் ஒரே வேகத்திற் செல்லுமென அவர்கள் காட்டினர். இப்பளிங்கு நீர்க்கரைசலிலிருந்து பெரிதாக வளரக்கூடியது. ஆயின் அதன் இரட்டிக்கும் ஆற்றல் குறைவு. யூரியா முதலிய சேதனப் பளிங்குகளோ ஆற்றல் மிக்கனவாயினும், மூலக்கூறுகளிடையே வலுக்குறைந்த பிணைப்புகளே உள்ளமையால் மென்மையானவை. வெட்டி மெருகிடுதற்கு அரியவை.

ஒன்றின் வன்மையையும் மற்றொன்றின் ஆற்றலையும் ஒருங்கே பெறுதல் கூடுமா? சீனத்தின் சாண்டொங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1983இல் இதற்கு விடை பகர்ந்தனர். ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைப் பொசுபோரிக்கமிலத்துடன் சேர்த்து, அவர்கள் ஆர்ஜினின் பொசுபேற்றுப் பளிங்கை வளர்த்தனர். சேதன மூலக்கூறு இங்கே அயனாகிப் பொசுபேற்றுடன் உறுதியாகப் பிணைந்தது. பின்னர் அமெரிக்க ஆய்வாளர் அதன் ஐதரசனுக்குப் பதிலாகத் தூத்தேரியத்தைப் புகுத்தி, அகச்சிவப்பு ஒளியை அது உறிஞ்சுவதைக் குறைத்தனர். 1989இல் அப்பளிங்கின் சிறப்புகளை விரிவாக எடுத்துரைத்தனர். எனினும் அமினோ அமிலக் கரைசலிலே நுண்ணுயிர்கள் வளர்ந்து பளிங்கைக் கெடுப்பது பெருந்தொல்லையாயிற்று. 1992இல் நாக அயனை மூன்று தயோயூரியா மூலக்கூறுகளுடன் இணைத்த சல்பேற்றுப் பளிங்கும் இவ்வரிசையிற் சேர்ந்தது.

இத்துறை பரவியமைக்கு அதன் எளிமையே முதற் காரணம் எனலாம். முகவை, தூய நீர், மாறா வெப்பநிலை, பொறுமை என்பன இருப்பின் மெதுவாக ஆவியாகும் நிரம்பிய கரைசலிலிருந்து பளிங்கு பெறலாம். 1982இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலே பளிங்கு வளர்ச்சிக்கென ஒரு மையம் நிறுவப்பெற்றது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றின் பௌதிகத் துறைகளும் நாளடைவில் இவ்வாய்விலே ஈடுபட்டன. பெருஞ்செல்வமில்லாத ஆய்வுகூடங்களுக்கும் உலக அறிவிலே பங்குகொள்ளும் வாய்ப்பை இத்துறை அளித்தமை போற்றத்தக்கதே.

ஆயின் எளிமையே இடராகவும் அமைந்தது. அமினோ அமிலம் ஒன்றையும் உப்பு ஒன்றையும் கரைத்துவைத்தால், இரண்டும் கட்டாயம் சேர்வையாகும் என்பதில்லை. கரைதிறன் குறைந்தது தனியே பளிங்காதலும் உண்டு. பிளெக், பெற்றோசியன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்விலே, இரட்டைப் பெயரோடு அறிவிக்கப்பட்ட புதிய பளிங்குகள் சில உண்மையிலே தொடக்கப் பொருள்களே எனச் சுட்டிக்காட்டினர். பரிசோதனையும் ஏமாற்றவல்லது. கிளைசினின் வழமையான ஆல்பா வடிவம் சமச்சீர் மையமுடையது. சில உப்புகள் கலந்த கரைசலிலோ காமா வடிவம் தோன்றும். 1064 நனோமீற்றர் லேசர் ஒளியை அக்காமா வடிவம் தானாகவே 532 நனோமீற்றர்ப் பச்சையொளியாக மாற்றும். ஆகவே பச்சையொளி மாத்திரம் புதிய சேர்வைக்குச் சான்றாகாது. பளிங்கின் அணு ஒழுங்கை எக்ஸ்-கதிர் கொண்டு முழுமையாகத் துணிதலும், மூலகங்களின் அளவை அறிதலும் இன்றியமையாதன.

1961இல் உண்மையான புள்ளியொன்று அழுக்கென நீக்கப்பட்டது. பிற்காலத்தில், பிறவாத சேர்வைகளுக்குப் பெயர்கள் சூட்டப்பட்டன. முன்னையதாற் பெருந்தீங்கு விளையவில்லை. பிறர் பரிசோதனையை மீளச் செய்து உண்மையை நிலைநாட்டினர். பின்னையதோ, அதை நம்பி ஆய்வைத் தொடங்கும் இளம் மாணாக்கரின் ஆண்டுகளை வீணாக்கும். வசதி குறைந்த ஆய்வுகூடம் பெருமை பெறுவது அறிக்கைகளின் தொகையாலன்று. அதிலிருந்து வெளிவரும் ஒரு கூற்றை உலகம் ஐயமின்றி ஏற்கும் நிலையாலேயே. முகவையின் அடியிற் பளிங்கொன்று மின்னும்போது, இஃது எத்தகைய பொருள் என முதலில் வினவும் மனமே இத்துறைக்கு வேண்டப்படும் முதற் கருவியாகும்.