உழைப்பாளர் சிலையைச் செஞ்சவர்

மெரினாவுல உழைப்பாளர் சிலையைப் பாக்காத தமிழன் உண்டா? நேர்ல பாக்காட்டியும் சினிமாவுலயாவது பாத்திருப்போம். அதைச் செஞ்சது யாருன்னு கேட்டுப் பாருங்க, 'கவர்மெண்டு வச்சது'ன்னுதான் பதில் வரும் :-)

செஞ்சவர் பேரு தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளி. 1899-ல இப்போதைய வங்கதேசத்துல இருக்கிற ரங்பூர் பக்கம் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூர்கிட்ட ஓவியம் படிச்சவர். 1929-ல சென்னை ஓவியக் கல்லூரிக்குத் தலைமைப் பொறுப்பேற்று வந்தார். 1957 வரை இங்கேயேதான். கே.சி.எஸ். பணிக்கர், தனபால் எல்லாம் இவரோட மாணவர்கள். 1954-ல லலித் கலா அகாடமி ஆரம்பிச்சப்போ முதல் தலைவரும் இவரே. 1958-ல பத்மபூஷண், 1975-ல மறைவு.

அவர் சென்னைக்கு வந்த அதே 1929-லதான் எங்க பக்கத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனிக்குக் கொடுத்தாங்க. அதுதான் மாஞ்சோலை எஸ்டேட். காட்டைத் திருத்தித் தேயிலை போட்டதெல்லாம் கூலி ஜனங்க. ரெண்டுக்கும் நேரடி சம்பந்தம் இல்லதான். ஆனா அந்தச் சிலையைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மாஞ்சோலைதான் ஞாபகம் வருது.

1959 ஜனவரியில திறந்த சிலை அது. நாலு ஆளுங்க ஒரு பாறையை நெம்புறாங்க. நரம்பு புடைச்சு நிக்குது. இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு 'உழைப்பின் வெற்றி'. ஆனா நல்லாப் பாருங்க, பாறை இன்னும் உருளல. ஒருத்தர் முகத்துலயும் ஜெயிச்ச சிரிப்பு கிடையாது. பேரு வெற்றி, வெண்கலத்துல இருக்கிறது வெறும் பாடு! அந்த நேர்மைதான் ராய் சௌத்ரி. நாலு பேர்ல ஒரு பொம்பளைகூட இல்லைங்கிற குறை மட்டும் எனக்கு உண்டு. கொழுந்து கிள்ளுற கை எல்லாம் பொம்பளைங்க கைதானே?

பாட்னாவுல அவர் செஞ்ச இன்னொரு சிலை இருக்கு. 1942 ஆகஸ்ட் 11-ல கொடியேத்தப் போன 7 மாணவர்களைச் சுட்டுக் கொன்னாங்க. ஒருத்தர் விழ விழ அடுத்தவர் முன்னால போறதை அப்படியே வடிச்சிருக்கார். 1956-ல திறந்து வச்சாங்க.

1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், ஜெயில்ல இருந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடச் சொல்லியும் நெல்லை கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். போலீஸ் தடியடி. தாமிரபரணிக்குள்ள ஓடினவங்கள்ல 17 பேர் பிணமாத்தான் கிடைச்சாங்க. அதுல ஒரு கைக்குழந்தையும் உண்டு. வருஷா வருஷம் அந்த நாள்ல ஆத்துல பூப் போடுறாங்க. பூ தண்ணியோட போயிருது.

2024-ல மாஞ்சோலையில தேயிலை வேலையும் நின்னு, விருப்ப ஓய்வுன்னு சொல்லி ஆளுங்களை அனுப்பிட்டாங்க. நாலு தலைமுறை உழைப்பைக் காடு மூடிரும். பாட்னா பசங்களை மறக்கவிடாம ஒரு ராய் சௌத்ரி இருந்தார். எங்க ஜனங்களுக்கும் யாராவது ஒருத்தர் வரணும். அந்தச் சிலையில பொம்பளைங்களும் இருக்கணும்.