ஓட்டுவது யார் என்பது மட்டுமா கேள்வி?



ஆள் ஓட்டும் கார் பாதுகாப்பா, தானாக ஓடும் கார் பாதுகாப்பா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் கார் மோதி ஒரு பெண் இறந்தார். பிரிட்டனில் காரால் இறந்த முதல் பாதசாரி அவர்தான். அன்று அது அதிசயச் செய்தி. 2022-இல் இந்தியச் சாலைகளில் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள். இதில் சுமார் 70 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

இயந்திரம் குடிக்காது, தூங்காது, அவசரப்படாது. 1981-இலேயே ஜப்பானின் கோபே நகரில் ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடியது. டெல்லி மெட்ரோவுக்கு அது 2020 டிசம்பரில் வந்தது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கும் அப்படிப்பட்ட ரயில்கள்தான். ஆனால் மெட்ரோவுக்குத் தனிப்பாதை உண்டு. குறுக்கே யாரும் வரமாட்டார்கள். பாதி வேலையைப் பாதையே செய்துவிடுகிறது.

சாலை அப்படியல்ல. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது ஊபரின் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்துபோனார். கருவி அவரை முன்பே கண்டும், வண்டி என்றும் சைக்கிள் என்றும் மாற்றி மாற்றிக் கணித்தது. வெள்ளைக்கோடு இல்லாத இடத்திலும் மனிதர் கடப்பார் என்று அதற்குச் சொல்லித் தரவில்லை. கண்காணிக்க உள்ளே இருந்தவரோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிலைமை முன்னேறியது. வேமோ கார்கள் ஓடிய 2.53 கோடி மைல்களை ஆராய்ந்ததில், காயத்துக்கான காப்பீட்டுக் கோரிக்கைகள் ஆள் ஓட்டும் வண்டிகளைவிட 92 விழுக்காடு குறைவு என்று 2024-இல் தெரிந்தது. அந்த நிறுவனமே பங்கேற்ற ஆய்வு அது. ஓடியதும் அமெரிக்க நகரங்களில்.

நம் வள்ளூரில் அனல் மின் நிலையம், பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. கன்டெய்னர் லாரி, டேங்கர், ஷேர் ஆட்டோ, சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளை, எல்லோருக்கும் ஒரே சாலை. வெள்ளைக்கோடு இல்லாத இடத்தில்தான் நாம் கடக்கிறோம். அந்த 92-ஐ இங்கே அப்படியே பொருத்த முடியாது.

ஆனால் இயந்திரம் ஏன் ஜெயிக்கிறது என்பதை இன்றே எடுத்துக்கொள்ளலாம். வேகத்துக்கு வரம்பு, ஓட்டுநருக்குத் தூக்கம், லாரிக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி வழி. இதற்குத் தானியங்கி கார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

லாரி ஓட்டும் என் மாணவர்களே, துறைமுக வாசலில் எத்தனை மணி நேரம் காத்திருந்து, எத்தனை மணி நேரம் தூங்கி, பிறகு ஓட்டுகிறீர்கள்? கீழே எழுதுங்கள். உங்கள் கணக்குத்தான் எனக்கு முக்கியம்.