கணினி மணிக்கூடும் எங்கள் பதிவுகளும்

கடந்த ஆண்டு எங்கள் ஊர் வாசிகசாலையில், போரில் உறவுகளை இழந்தவர்களின் வாக்குமூலங்களைப் பழைய கணினியொன்றில் தட்டச்சு செய்து சேமித்தேன். பின்னர் பார்த்தபோது பல கோப்புகளில் 01.01.2009 என்ற திகதி இருந்தது. போர் முடியும் முன்பே எழுதப்பட்டவை போலத் தோன்றின. நாளை யாராவது இவற்றைச் சந்தேகித்தால் என்ன பதில் சொல்வது?

காரணம் சிறியது. கணினியை நிறுத்திய பின்னும் அதன் மணிக்கூட்டை ஓட வைப்பது உள்ளேயிருக்கும் நாணயம் போன்ற பற்றரி. அது செயலிழந்தால் திகதி, தயாரிப்பாளர் வைத்த தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். பற்றரி நன்றாக இருந்தாலும் மணிக்கூடு மாதத்துக்கு ஒரு நிமிடமளவில் பிசகலாம்.

இதைத் திருத்துவதே இணையவழி நேர ஒத்திசைவு. டேவிட் மில்ஸ் வடிவமைத்த என்ரிபி நெறிமுறை 1985இல் வெளியானது. கணினி நேர வழங்கியிடம் நேரத்தைக் கேட்கும். கேள்வி புறப்பட்டது, வழங்கியை அடைந்தது, பதில் புறப்பட்டது, வந்து சேர்ந்தது என்ற நான்கு நேரங்களைக் கொண்டு வழித்தாமதத்தைக் கணித்து, தன் மணிக்கூட்டைச் சரிசெய்யும்.

முதலில் பற்றரியை மாற்றுங்கள். திகதியைக் கையால் சரிப்படுத்துங்கள். வித்தியாசம் மிகப் பெரிதானால் விண்டோஸ் தானாகத் திருத்த மறுக்கும். பிறகு திகதி, நேர அமைப்புகளில் தானியங்கி ஒத்திசைவை இயக்குங்கள்.

ஆனால் என்ரிபி உலகப் பொது நேரத்தை மட்டுமே தரும். உள்ளூர் நேரத்தைக் காட்டுவது நேரவலய அமைப்பு. விண்டோஸில் ஸ்ரீ ஜயவர்தனபுர (Sri Jayawardenepura) என்று தெரிவுசெய்யுங்கள்.

பழைய பதிவுகளுக்கு இன்னொரு கவனம் தேவை. 1996 மே மாதம் அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னெடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நீடித்தது. 2003இல் வன்னியில் காலை 9 மணி என்றால் கொழும்பில் 9.30. கணினிக்குக் கொழும்பு நேரம் மட்டுமே தெரியும்.

பிழையான கோப்புகளின் திகதியை நான் மாற்றவில்லை. நடந்ததை விளக்கும் குறிப்பொன்றை இணைத்தேன். இப்போது ஒவ்வொரு வாக்குமூலத்தின் உள்ளேயும் பதிவுசெய்த திகதியையும், சொல்பவர் குறிப்பிடுவது எந்த நேரம் என்பதையும் கேட்டு எழுதுகிறேன்.